படகைத் தொடாதே

யாராவது பேட்டி எடுக்க வந்தால் முதல் கேள்வி இதுதான்: "மேடம், உங்க முதல் கோச் யாரு?" பேரைச் சொன்னதும் குறித்துக்கொள்ளலாம் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளை. நானும் பெரிய மனுஷியாட்டம் எதையாவது சொல்லி அனுப்பிவிடுவேன். உள்ளதைச் சொன்னால் அதுகளுக்குப் புரியாது. உங்களுக்குப் புரியும், நீங்களும் என் வயசுதானே. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே படிப்பீர்கள், தெரியும். தேய்த்துக்கொண்டே கேளுங்க.

கடலில் நான் நிறையவே நீந்தியாயிற்று. இரண்டு நாட்டுக்கு நடுவில் இருக்கிற கடலைக்கூட ஒரு தடவை கடந்திருக்கிறேன். முதுகில் சொறிமீன் பட்ட தழும்பு இருக்கிறது, மழை நாளில் அரிக்கும். இன்னமும் வாரத்துக்கு நாலு நாள் விடிகாலையில் கடலில் இறங்குகிறேன். "போதும் அத்தை, விட்டுடுங்களேன்" என்று மருமகள் சொல்லிப் பார்த்துவிட்டாள். ஆனால் என்னைக் கேட்டால் நான் நீந்தியதிலேயே நீளமான தூரம் எங்கள் ஊர் ஆற்றில்தான். அப்போது எனக்குப் பதின்மூன்று வயசு.

அந்த ஆற்றின் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் போய்ப் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு "இந்த வாய்க்கால்லயா நீந்தினே?" என்பீர்கள். காவிரியிலிருந்து பிரிந்து, பிரிந்ததிலிருந்து இன்னொன்று பிரிந்து, கடைசியில் தரங்கம்பாடிக்குத் தெற்கே சத்தமில்லாமல் கடலில் விழுகிற சின்ன ஆறு அது. அப்போதெல்லாம் முறைத் தண்ணீர். ஆறு நாள் எங்கள் ஆற்றில் விடுவார்கள், அடுத்த ஆறு நாள் அடைத்துப் பக்கத்து ஆற்றுக்குத் திருப்புவார்கள். ஊருக்கு மேலே இருந்த ரெகுலேட்டரில் ஷட்டரைத் திறந்து மூடுகிற லஸ்கர் சைக்கிளில் மேற்கே போகிறார் என்றால் ஊரே கேட்கும், "திறக்கவா, மூடவா?" என்று. திறக்க என்றால் நாங்கள் பிள்ளைகள் ஆற்று மணலில் போய் நிற்போம். முதலில் நுரை வரும். அப்புறம் சருகு, வறட்டி, யாருடையதோ ஒற்றைச் செருப்பு. காய்ந்த மணல் ஈரம் குடிக்கிற வாசனை குப்பென்று ஏறும். கணுக்கால் அளவு வந்ததுமே நான் குப்புறப் படுத்துவிடுவேன். அதற்கு மேல் பொறுமை கிடையாது எனக்கு.

அந்த ஆறு நாளும் நான் தண்ணீரில்தான். மூடின ஆறு நாளும் எங்கள் பள்ளிக்கூட டிரில் டீச்சர் என்னை மணலில் படுக்கப் போட்டுக் கையையும் காலையும் அடிக்கச் சொல்வார். திருச்சிக்காரர். வெள்ளைச் சேலை, கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். நீச்சல் எல்லாம் புத்தகத்தில் பார்த்ததுதான், ஆற்றில் ஒரு கால்கூட நனைத்ததில்லை. ஒரு நாள் நான் அப்படி மணலில் அடித்துக்கொண்டிருந்ததைக் கரையில் ஆடு மேய்த்த யாரோ ஒரு அம்மா பார்த்துவிட்டார். "ஐயோ, புள்ளைக்கு வலிப்பு!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி என் கையில் திணித்து, விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டார். டீச்சர் எவ்வளவு சொல்லியும் விடவில்லை. நான் எழுந்து நின்று நாலடி நடந்து காட்டிய பிறகுதான் சாவியை வாங்கிக்கொண்டார்.

இந்த டீச்சர்தான் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு ஃபாரம். மெட்ராஸில் விளையாட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு ஹாஸ்டல், அங்கேயே பள்ளிக்கூடம், அங்கேயே நீச்சல் குளம். என் பேர், ஊர், பிறந்த தேதி எல்லாம் டீச்சரே நீல இங்க்கில் குண்டு குண்டாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். அப்பா கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. கோபக்காரர் என்று பேர். தண்ணீர்த் தகராறு என்றால் ஊருக்கு முன்னால் போய் நிற்கிற ஆள். எந்த வயலுக்கு என்றைக்குத் தண்ணீர் வைத்தது என்று காலண்டர் தாளில் காப்பியிங் பென்சிலால் எழுதி வைப்பார். அந்தப் பென்சிலை நினைவிருக்கிறதா உங்களுக்கு? நாக்கில் தொட்டு எழுதினால் எழுத்து ஊதாவாகும், அப்புறம் என்ன செய்தாலும் அழியாது. எந்நேரமும் அப்பாவின் கீழுதட்டில் ஊதாவாக ஒரு பொட்டு இருக்கும்.

ஃபாரத்தை மூன்று தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றேன் டீச்சர்" என்றார். மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்:

"ரெகுலேட்டர்லேருந்து கடல் வரைக்கும் நீந்திக் காட்டட்டும். நான் படகுல கூட வர்றேன். படகை ஒரு விரல் தொட்டாலும் அவ்வளவுதான், மெட்ராஸ் பேச்சே எடுக்கக் கூடாது. தொடாம வந்து கடல் மணல்ல கால் வச்சா, அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"ஏங்க, நடக்கிற காரியமா சொல்லுங்களேன்" என்றாள் அம்மா. பஸ்ஸில் போனாலே முக்கால் மணி நேரம் ஆகிற தூரம் அது. நான் சாப்பாட்டில் கையை உதறிவிட்டு எழுந்து போய் அழுதேன். அனுப்ப இஷ்டமில்லை, அதை நேரே சொல்லத் தைரியமில்லை, அதனால்தான் இப்படி ஒரு பந்தயம் என்று அப்பாவை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டேன். வீம்பு வந்துவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பந்தயம் போட்டவர் அதோடு விடவில்லை. படகைத் தொடாமல் எனக்கு எப்படிச் சாப்பாடு கொடுப்பது என்று அவர்தான் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியை எடுத்து வந்து, அதன் கொக்கியில் தூக்குச் சட்டியை மாட்டினார். சட்டியில் நீராகாரம். அப்பா படித்துறையில் நின்றுகொண்டு தொரட்டியை நீட்ட, நான் ஆற்றில் மிதந்தபடி குடிக்க வேண்டும். முதல் நாள் முழுச் சட்டியும் என் தலையில்தான் கொட்டியது. கரையில் துணி துவைத்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாலைந்து நாளில் ஒரு சொட்டு சிந்தாமல் கொடுக்கக் கற்றுக்கொண்டார். ஈரம் இல்லாத படியாகப் பார்த்துத்தான் நிற்பார், ஒரு படிகூடக் கீழே இறங்க மாட்டார். வேட்டி நனைந்துவிடும் என்று பார்க்கிறார், கஞ்சன் என்று நினைத்தேன்.

நாள் குறித்தது தனிக்கதை. அப்பா லஸ்கரைக் கேட்டார், பஞ்சாங்கத்தைப் பார்த்தார். முறைத் தண்ணீர் திறந்து மூன்றாம் நாள், ஆறு நிறைந்து ஓடும். அன்றைக்குப் பௌர்ணமி, நாளும் நல்ல நாள். தண்ணீரே பாதி இழுத்துக்கொண்டு போய்விடும் என்று கணக்குப் போட்டார். ஊரில் நெல் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் சபாஷ் என்றார்கள். கடலோரத்து ஆள் ஒருத்தரைக் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களைப் பொறுத்தவரை தண்ணீர் என்றால் மேற்கிலிருந்து கிழக்கே போவது. போய் எங்கே சேர்கிறது, அங்கே என்ன நடக்கிறது என்பதெல்லாம் எங்கள் கவலை இல்லை.

படகு, கடற்கரைக் குப்பத்திலிருந்து முதல் நாளே வந்து ரெகுலேட்டருக்குக் கீழே கட்டிக் கிடந்தது. படகுக்காரர் அப்பாவைவிட மூத்தவர். விடியற்காலையில் தலையைச் சொறிந்துகொண்டு, "ஐயா, இன்னைக்குப் பௌர்ணமியாச்சே" என்றார்.

"ஆமாம்ப்பா, நல்ல நாள்" என்றார் அப்பா.

அவர் மறுபடி தலையைச் சொறிந்துகொண்டு துடுப்பை எடுக்கப் போனார்.

அம்மா என் உடம்பெல்லாம் விளக்கெண்ணெய் தடவினாள். குளிர் ஏறாதாம். வீட்டில் இருந்த பழைய குடையின் கறுப்புத் துணியைப் பிரித்து எனக்கு ஒரு நீச்சல் உடுப்புத் தைத்திருந்தாள், முழங்கை வரை கை, முட்டி வரை கால். நான் நின்ற கோலத்தைப் பார்த்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். கடைசி நேரத்தில் அம்மா கயிற்றில் கட்டிய இரண்டு காய்ந்த சுரைக்குடுக்கையைக் கொண்டுவந்து படகில் வைத்தாள். சின்னப் பிள்ளைகள் நீச்சல் பழகும்போது அக்குளில் கட்டிக்கொள்கிற மிதவை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கு எதுக்கும்மா இது? நான் என்ன கைக்குழந்தையா?"

"கெடக்கட்டும், கெடக்கட்டும். உன்ன என்ன செய்யுது?" என்றாள்.

டீச்சர் விசில் ஊத, நான் இறங்கினேன். படகில் அப்பா, டீச்சர், துடுப்போடு படகுக்காரர், அவ்வளவுதான்.

அந்தக் காலைப்பொழுதை நினைத்தால் இப்போதும் உடம்பு லேசாகிறது. தண்ணீரே தூக்கிக்கொண்டு போயிற்று. பாலத்துக்கு அடியில் போகும்போது மேலே போன மாட்டு வண்டியின் சத்தம் தண்ணீருக்குள் கேட்டது. நடவு நட்ட பெண்கள் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்கள். "அடி ஆத்தி, பொட்டப் புள்ள!" என்று ஒருத்தி கத்தினாள். மூங்கில் போய்ப் பனை வந்தது, பனை குறைந்து தாழை வந்தது. தொரட்டி மூன்று தடவை நீண்டு வந்தது. அப்பா ஒரு கையில் தொரட்டியையும் மறு கையில் படகின் விளிம்பையும் பிடித்திருந்தார். விளிம்பைப் பிடித்த கை விரலெல்லாம் வெளுத்திருந்தது. கோபத்தில் இருக்கிறார், நான் ஜெயித்துவிடுவேன் என்று கோபம், என நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் போட்டேன்.

கருவாட்டு வாசனை வர ஆரம்பித்தது. கடல் கிட்டே வந்துவிட்டது. வலது கரையில் ஒரு ஒற்றைப் பனை நின்றது. மூச்சுக்குத் தலையைத் திருப்பினால் பனை. நூறு கை போட்டுவிட்டுத் திருப்பினேன், அதே பனை. இன்னொரு நூறு. அதே பனைதான். தண்ணீர் வாயில் கரித்தது.

"ஏன் பாப்பா நின்னுட்டே? போடு, போடு!" என்று அப்பா கத்தினார்.

"அது நிக்கலீங்க" என்றார் படகுக்காரர். "கடல் ஏறி வருது. ஆறு திரும்பிடுச்சு."

"என்னப்பா ஒளர்றே? ஆத்துத் தண்ணி மேலயா ஏறும்?"

"பௌர்ணமியும் அமாவாசையும் வேகமா ஏறுங்க. காலைலயே சொல்ல வாயெடுத்தேன். நல்ல நாளுன்னீங்க."

ஒரு தென்னை மட்டை படகைத் தாண்டி மேற்கே போனது. மேற்கே! அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், ஆயுசு முழுக்கத் தண்ணீரோடு மல்லுக்கட்டின மனுஷன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அது எதிர்த்திசையில் போவதைப் பார்க்கிறார்.

"கரையோரமா சேறு இருக்கு, புள்ளைக்குக் கழுத்து மட்டும் வரும். நிக்கச் சொல்லுங்க. ரெண்டு மணி நேரத்துல திரும்பிடும்" என்றார் படகுக்காரர்.

டீச்சர் கையோடு கொண்டுவந்த நீச்சல் புத்தகத்தைப் புரட்டி, தரையில் நிற்கலாமா என்று தேடினார். அப்பா, "தரையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே டீச்சர். படகைத்தானே தொடக் கூடாதுன்னேன்" என்றார். எனக்காக அவர் வாதாடுகிறாரே என்று அப்போதுதான் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

நீந்தும்போது தெரியாத குளிர் நின்றதும் தெரிந்தது. காலுக்குக் கீழே சேறு வழுக்கியது. விளக்கெண்ணெய் எல்லாம் எப்போதோ போயாயிற்று. பல் தந்தியடித்தது. வலது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு நேரம் போயிற்றோ, படகு பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் பலகையில் வெயில் காய்ந்தது. அதைத் தொட்டால் போதும், தூக்கிப் போட்டுக்கொள்வார்கள், துண்டு போர்த்துவார்கள். மெட்ராஸ் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது எனக்கு.

"அப்பா, நான் தொட்டுடறேம்ப்பா" என்று அழுதேன். கை பாதி தூரம் போய்விட்டது.

"தொடாதே!" என்று அப்பா போட்ட சத்தத்தில் தாழம்புதரிலிருந்து கொக்கு எழும்பிப் போனது. "தொடாதே பாப்பா. நான் வர்றேன்."

சட்டையோடு, வேட்டியோடு படகின் விளிம்பைத் தாண்டிக் காலை விட்டார். படகுக்காரர் பதறிப்போய், "ஐயா, உங்களுக்குத்தான் நீச்சல் தெரியாதுன்னீங்களே!" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்த அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது இந்த விஷயம். படித்துறையில் ஈரமில்லாத படியும், வெளுத்துப்போன விரலும் ஒன்றொன்றாக எனக்கு விளங்கியது.

அவருக்கு மார்புக்கு மேல் வந்தது தண்ணீர். ஒரு கையால் படகை இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையை என்னிடம் நீட்டினார். நான் பிடிக்கப் போனேன். டீச்சர் விசிலை ஊதினார்.

"சார், நீங்க படகைப் புடிச்சிருக்கீங்க. அவ உங்களைப் புடிச்சா, அவ படகைத் தொட்ட மாதிரிதான்."

அந்த நிமிஷம் அந்த டீச்சரை நான் வெறுத்த மாதிரி வேறு யாரையும் வெறுத்ததில்லை. இப்போது தெரிகிறது, நாளைக்கு ஊரில் ஒரு நாக்கு புரளக் கூடாது என்றுதான் அந்த அம்மா அப்படிச் சொன்னது. அப்பா டீச்சரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு படகை விட்டார்.

கால் வழுக்கிச் சேற்றில் இறங்கினார், தண்ணீர் கழுத்துக்கு ஏறியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். படகுக்காரர் அந்தச் சுரைக்குடுக்கை இரண்டையும் எடுத்துத் தண்ணீரில் வீசினார்.

"இந்தாங்க, கட்டிக்குங்க. அம்மா உங்களுக்குன்னுதான் குடுத்து விட்டாங்க."

கோபக்காரர் என்று பேர் எடுத்த என் அப்பா, இரண்டு அக்குளிலும் குடுக்கையைக் கட்டிக்கொண்டு மிரள மிரள விழித்தபடி நின்றார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டுல போய்ச் சொல்லாதே" என்றார். என் இரண்டு கையையும் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். இழுத்துப் பிடித்த காலைத் தன் கால்மேல் வைத்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த வருஷம் எந்த வயலில் என்ன நெல் போடலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார். பயத்தில் பேசினார் போல. ஒரு மணி நேரமாவது அப்படி நின்றிருப்போம். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அப்பா அவ்வளவு நேரம் என்னோடு பேசியதே இல்லை.

மேற்கே போன தென்னை மட்டை திரும்பி வந்தது. எங்கள் பக்கத்தில் வந்து ஒரு சுற்றுச் சுற்றி, கிழக்கே பார்த்து நகர்ந்தது.

"இப்ப விடுங்க புள்ளைய" என்றார் படகுக்காரர்.

அப்பா கையை விட்டார். அப்புறம் எனக்கு எதுவும் நினைவில்லை, ஒற்றைப் பனை பின்னால் போனதைத் தவிர. முதல் அலை மூஞ்சியில் அடித்தது. முட்டி மணலில் இடித்தது. தவழ்ந்துகொண்டே போய்க் காய்ந்த மணலில் விழுந்தேன். இன்றைக்கு அந்த வழியாக யாரும் நீந்த முடியாது. கடல் தண்ணீர் ஏறாமல் இருக்க அங்கே ஒரு தடுப்பணை கட்டிவிட்டார்கள்.

படகு வந்து சேர்ந்தது. டீச்சர் இறங்கி வந்து, "சார், ஃபாரம்" என்று கையை நீட்டினார்.

அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது. முகம் செத்துவிட்டது. ஃபாரம் பையிலேயே இருந்திருக்கிறது, அவரோடு சேர்ந்து கழுத்து மட்டும் தண்ணீரில் நின்றிருக்கிறது. நனைந்த அப்பளமாட்டம் மெல்லப் பிரித்தார். டீச்சர் எழுதிய நீல இங்க் முழுக்கக் கரைந்து ஓடிவிட்டது. என் பேர் இல்லை, ஊர் இல்லை, பிறந்த தேதி இல்லை. ஆனால் அடியில், கையெழுத்துப் போடுகிற இடத்தில், ஊதா நிறத்தில் அப்பாவின் பேர் பளிச்சென்று இருந்தது.

டீச்சர் அதைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "வேற ஃபாரம் எழுதிக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார்.

"எப்பப்பா போட்டீங்க?" என்றேன்.

"டீச்சர் குடுத்த அன்னைக்கே."

எனக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. "அப்புறம் எதுக்குப்பா என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்துனீங்க?"

அப்பா வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ போயிடுவேன்னு எனக்குத் தெரியும் பாப்பா. எவ்வளவு தூரம் நான் கூட வர முடியுதுன்னு பாக்கலாம்னுதான்" என்றார். இன்னொரு தடவை வேட்டியை முறுக்கிப் பிழிந்தார். "பாத்துட்டேன். கழுத்து மட்டுந்தான் முடியுது. மிச்சத்தை நீயே நீந்திக்க."